சுவரிலுள்ள மூன்றாம் துளை

மலையேறி வந்த நம்மவர் குமுளியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பார்க்கும்போது கேட்கும் கேள்விகளை நாம் அறிவோம். தண்ணீர் உண்டா? மழைக்கு ஓடு ஒழுகுமா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? கம்பம் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்து போகலாமா? இவ்வளவே. சுவரிலுள்ள பிளக்குத் துளைகளைக் குனிந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் மிகுதி. ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது, டெலிவிஷன் பேசுகிறது. ஆதலின் வயரிங் நன்றாகவே இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். வேலை செய்யும் பிளக்கு வேறு, ஆபத்தில்லாத பிளக்கு வேறு என்பதை இத்திங்கள் இப்பகுதியில் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விழைகிறோம். மழை தொடங்குமுன் இதனைச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

நம் ஊருக்கும் மின்சாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1895-இல் கட்டிமுடிந்த பெரியாற்று அணையின் நீர் தேக்கடியிலிருந்து சுரங்க வழியே மலையைக் கடந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கே 1958-ஆம் ஆண்டு முதல் மின் உற்பத்தி நடைபெற்று வருகிறது. கூடலூரிலிருந்து மலைப்பாதை ஏறும்போது அந்தப் பெருங்குழாய்களைப் பஸ் ஜன்னல் வழியே காணாதவர் நம்மில் இலர். ஆனால் குமுளியில் நம் வீட்டுக்கு வந்து சேர்வது கேரள மின்வாரியத்தின் மின்சாரம். வாரியத்தின் கவலை மீட்டரோடு முடிந்துவிடுகிறது. மீட்டருக்கு இப்பால் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் கம்பிகள் வீட்டுக்காரருடையவை. அவற்றால் வரும் இடரோ குடியிருப்பவருடையது.

பழைய வீடுகளின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் இரண்டு மூன்று அறைக்கு ஒவ்வொரு குண்டு பல்பு, கூடத்தில் ரேடியோவுக்கு ஒரு பிளக்கு என்று மரச்சட்டம் அடித்து, தகரக் கிளிப்பு வைத்து, ரப்பர் உறையிட்ட வயரை ஓட்டினார்கள். பின்னர் ஓர் அறை கட்டியபோது அங்கிருந்தே ஓர் இணைப்பை இழுத்தார்கள். பின்னொருநாள் பிரிட்ஜ் வந்தது. அதற்கும் அதே வயரில் ஓர் ஒட்டு. தேக்கடிக்கு வரும் பயணிகளுக்கு அறை விடலாம் என்று குளியலறையில் கீஸர் வந்தது. அதற்கும் ஓர் ஒட்டு. ரப்பர் உறை நாற்பது ஆண்டுகளில் காய்ந்து, விரல் பட்டால் முறுக்குப் போல நொறுங்கிவிடும். இந்த மலைப் பனியும், ஆனி ஆடி மழையில் சுவரில் இறங்கும் ஈரமும், சட்டத்தைத் தின்னும் கரையானும், மச்சில் குடியிருக்கும் எலியும் அந்நாளைச் சுருக்கிவிடும். வெளியே மட்டும் புதிய பிளாஸ்டிக் பலகையும் வெள்ளை ஸ்விட்சும் பளபளக்கும். வீட்டுத் தரகர் காட்டுவது அந்தப் பளபளப்பைத்தான்.

சுமையின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். 60 வாட் பல்பு ஒன்று கால் ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாக இழுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்போ ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக்கு 5 அல்லது 6 ஆம்பியருக்கே செய்யப்பட்டது. பெரிய துளைகளுடைய பவர் பிளக்கு 15 அல்லது 16 ஆம்பியருக்கு உரியது. அடுப்பின் பெரிய பிளக்கு சிறிய துளையில் நுழையாது என்பதே ஒரு பாதுகாப்பு. அப்பாதுகாப்பைக் கடைகளில் விற்கும் மாற்றுக்கட்டை ஒன்றைச் செருகி நாமே போக்கடித்துக் கொள்கிறோம். வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் கொணரும் சதுரமுனைப் பிளக்கை நம் வட்டத்துளையில் குச்சி விட்டுத் திணிப்பதும், பிளக்கே இல்லாமல் இரு கம்பி முனைகளைத் தீக்குச்சியால் இறுக்கிச் செருகுவதும் இவ்வகையினவே.

இனி, பழைய வீட்டில் ஒரு பிளக்கின் நோயை அறியும் வழிகளைக் காண்போம். அவற்றுள் முன்னிற்பவை கண்ணும் மூக்கும் காதும். துளையைச் சுற்றி மஞ்சளோ கருமையோ படர்ந்திருந்தால், உள்ளே இணைப்பு தளர்ந்து சூடேறுகிறது என்று பொருள். மிக்ஸி ஓடும்போது பிளக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்கலாகாது. பிளக்குப் பிடிப்பில்லாமல் தொங்கினாலும், செருகும்போது உள்ளே ‘சட சட’வென்று பொரிந்தாலும் அதனைப் பயன்படுத்தக் கூடாது. பழைய ஸ்விட்சுப் பலகை உள்ளே வெந்துகொண்டிருந்தால் மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் எழும். சமையலறையில் மீன் சமைக்காத நாளில் அந்த வாடை வந்தால் பூனையைத் தேட வேண்டா. மெயினை அணைத்துவிட்டுப் பலகையைத் தேடுக. அடுத்த அறையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டவுடன் இந்த அறை விளக்கு மங்கினால், இரண்டும் ஒரே மெல்லிய வயரில் தொங்குகின்றன, அல்லது வழியில் ஓர் ஒட்டு தளர்ந்திருக்கிறது.

மெயின் பலகையையும் பார்த்தல் வேண்டும். பீங்கான் பியூஸ்கள் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒன்றை உருவிப் பார்க்கலாம். அதில் இருக்கவேண்டியது அந்தச் சுமைக்கென்று விற்கும் மெல்லிய பியூஸ் கம்பி. பல வீடுகளில் வயரை உரித்தெடுத்த தடித்த செம்புக் கம்பி முறுக்கிக் கிடக்கும். அந்தப் பியூஸ் ஒருபோதும் போகாது. போகவேண்டிய வேளையில் சுவருக்குள்ளிருக்கும் வயரே எரியும். மிகப் பழைய வீடுகளில் இன்னொன்று உண்டு: பக்கத்தில் பக்கமாக இரண்டு பியூஸ், ஒன்று பேஸ் கம்பியிலும் மற்றொன்று நியூட்ரல் கம்பியிலும். நியூட்ரலில் பியூஸ் வைப்பதை 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே தடுத்துவிட்டன. காரணம் எளியது. நியூட்ரல் பியூஸ் போனால் வீடு இருண்டுவிடும். ஆனால் பேஸ் ஒவ்வொரு பிளக்கிலும் உயிரோடு இருக்கும். இருட்டில் மின்சாரம் இல்லையென நம்பிக் கை வைப்பவர் நிலை என்னாகும்?

அடுத்தது டெஸ்டர். வீட்டில் கருவிப்பெட்டி என்று ஒன்றும் இல்லாதவரும் இந்த ஒரு திருப்புளியை வைத்திருப்பர். அதனை முதலில் நன்றாக வேலை செய்யும் வேறொரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டும். கை உலர்ந்திருக்க வேண்டும். விரல் பின்முனைத் தொப்பியில் மட்டும் பட வேண்டும். பிளக்கை நேரே நோக்கி நின்றால் மேலே தடித்த துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஸ்விட்சைப் போட்டால் வலத்துளையில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும். அணைத்தால் அதுவும் அணைய வேண்டும். அணைத்த பின்னும் வலத்துளையில் எரிந்தால், ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் கோக்கப்பட்டிருக்கிறது. வலத்தில் எரியாமல் இடத்தில் எரிந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டிலும் எரிந்தால், பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் அறுந்து, வேறொரு கருவியின் வழியே மின்சாரம் திரும்பி வந்து நிற்கிறது. மேல்துளையில் எரிந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டா. மெயினை அணைத்துவிட்டு ஆளை அழைக்க.

இவ்வளவும் சரியாக இருந்தால் அன்பர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. மேல்துளையில் டெஸ்டர் எரியவில்லை என்பதால் அங்கே எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாவிட்டாலும் டெஸ்டர் எரியாது. இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி இதுவே.

எர்த் எதற்காக? பிரிட்ஜின் தகர உடலுக்குள் ஒரு பேஸ் கம்பி உரசித் தேய்ந்து உடலைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே மண்ணுக்கு ஓடிவிடும். இல்லாவிட்டால் கதவைத் திறக்க வரும் தாயின் கை வழியே, ஈரத் தரையில் ஊன்றிய வெறுங்கால் வழியே ஓடும். நனைந்த உடலின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று கொண்டால், ஓடுவது 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகிப் பிடித்ததை விடமுடியாமற் போகும் என்பதை நினைத்தால் இது எத்துணைப் பெரிதென விளங்கும்.

பழைய வீடுகளில் வயர் இரண்டே. மூன்றாம் கம்பி ஓட்டவேண்டுமானால் சுவரைக் கொத்த வேண்டும், வீட்டுக்காரர் செலவிட வேண்டும். ‘பிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்கிறது’ என்று வீட்டம்மையார் முறையிட்டால், அவசரத்துக்கு வரும் சிலர் செய்வது யாது? பிளக்கின் முகத்தைக் கழற்றி, இடப்பக்க நியூட்ரலிலிருந்து மேல்துளைக்கு ஒரு துண்டு வயரை வைத்து முடுக்கிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. சுள்ளென்பது அக்கணமே நின்றுவிடும். கூலியும் குறைவு. வந்தவரை வாழ்த்தி அனுப்புகிறோம். வீடு தோறும் தேநீர் கொடுத்துச் செய்துகொண்ட இந்த வைத்தியத்தைப்போல் வஞ்சகமானது பிறிதொன்றை நாம் கண்டதில்லை.

அதன் பின் விளைவதைப் பாருங்கள். ஒருநாள் அந்த இடப்பக்க நியூட்ரல் கம்பி சுவருக்குள் ஏதோ ஓர் ஒட்டில் தளர்ந்து விடுகிறது. பிரிட்ஜ் ஓடவில்லை. பேஸ் வந்து மோட்டாருக்குள் புகுந்து, மறுபுறம் வெளியே போக வழியின்றி, அந்தத் துண்டு வயர் வழியே பிரிட்ஜின் உடலெங்கும் வந்து நிற்கிறது. கரண்ட் இல்லை போலும் என்று எண்ணிப் பால் கெட்டதா என்று பார்க்க அம்மையார் கதவைத் தொடுகிறார். அவர் தொடுவது 230 வோல்ட். இன்னொரு வழியும் உண்டு. புயலில் விழுந்த கம்பியையோ மீட்டரையோ சரிசெய்கையில் எங்கேனும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், அந்த நொடியிலிருந்தே பிரிட்ஜின் உடல் பேஸ் ஆகிவிடும். எந்தக் கம்பியும் அறுந்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பொய் எர்த்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. வயர்மேன்கள் வழக்கமாக வைக்கும் டெஸ்ட் லாம்பும் இதில் ஏமாறும். பேஸுக்கும் மேல்துளைக்கும் இடையே பல்பைப் பிடித்தால் பிரகாசமாக எரியும். ‘எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுவர். மின்சாரம் நியூட்ரல் வழியே திரும்புவது பல்புக்கு எப்படித் தெரியும்? ஆகவே நம் அன்பர்கள் வயர்மேனிடம் கேட்கவேண்டியது பல்புச் சோதனையை அன்று. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயினை அணைத்து, எல்லாக் கருவிகளையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, இடத்துளைக்கும் மேல்துளைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்க. அங்கே தொடர்பு இருக்கக் கூடாது. மீட்டர் கூவினால் இரண்டும் எங்கோ கட்டப்பட்டிருக்கின்றன. பிளக்கின் முகத்தைக் கழற்றினால் பெரும்பாலும் அந்தத் துண்டு வயர் வெட்கமின்றி வெளியே வரும். இச்சோதனைகளை வீட்டார் தாமே செய்யலாகாது. அருகில் நின்று செய்விக்கலாம்.

மூன்றாம் கம்பி உண்மையில் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அது போய்ச் சேரும் மண் எத்தகையது? குமுளி, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு இங்கெல்லாம் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் பாறை தட்டும். எர்த் குழாய் இரண்டரை மீட்டர் ஆழம் இறங்க வேண்டும் என்பது முறை; பாறை தட்டிய இடத்தில் அறுத்துப் புதைத்த குழாய்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பங்குனி சித்திரையில் மண்ணும் காய்ந்துவிடும். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வாழ் அன்பர்களுக்குக் கோடை வறட்சி இன்னும் கடுமை. எர்த் குழியின் தடை 20 ஓம் என்று கொள்க. பேஸ் கம்பி பிரிட்ஜின் உடலைத் தொட்டால் மண்ணுக்கு ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர். அந்தப் பிளக்குக்குக் காவலாக இருப்பதோ 16 ஆம்பியர் எம்.சி.பி. அது அசையாது. மோட்டார் ஓடுகிறது, எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது; ஆனாலும் பிரிட்ஜின் உடல் உயிரோடு நிற்கும். 5 ஓம் என்ற நல்ல குழியாயினும் 46 ஆம்பியரே, எம்.சி.பி. விழச் சில வினாடிகள் பிடிக்கும். ஒருவர் உயிருக்கு அவ்வினாடிகள் நீளமானவை.

இங்குதான் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வேண்டப்படுகிறது. இ.எல்.சி.பி. என்று பழம்பெயரால் நம்மவர் அழைப்பதும் இதனையே. பேஸில் போகும் மின்சாரத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தையும் இது எடைபோட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால், ஏதோ மண்ணுக்கோ மனிதருக்கோ ஒழுகுகிறது என்று உணர்ந்து நொடியின் ஒரு பகுதிக்குள் துண்டித்துவிடும். எர்த் குழியின் தடை 100 ஓம் ஆகவே இருந்தாலும், ஒழுகுவது 2.3 ஆம்பியர், இதற்கு அதுவே பன்மடங்கு மிகுதி. பாறை மண்ணில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான காவல் இல்லை. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை மட்டும் இது காவாது. அதனையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல வீடுகளில் இக்கருவி இருந்தும் பயனில்லை. ‘மழை வந்தால் அடிக்கடி விழுகிறது, தொல்லை’ என்று அதனைத் தாண்டி நேராக வயரைக் கோத்துவிடுகிறார்கள். அது விழுவது வீண்தொல்லை என்று எண்ணுவோர், வீட்டு நாய் இரவில் குரைக்கிறது என்று நாயை விரட்டுபவர் ஆவர். மழைநாளில் விழுகிறதென்றால் ஈரம் புகுந்த ஒரு வயரோ, கசியும் கீஸரோ, நியூட்ரலும் எர்த்தும் பிணைந்த ஓரிடமோ உண்டு. எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கருவியை உயர்த்தி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் குற்றவாளி தானே அகப்படுவான். எதையுமே செருகாமல் விழுந்தால் குறை வயரிங்கில். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழாத கருவியை அன்றே மாற்றுக.

லயங்களில் வாழும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். தோட்டத் தொழிலாளர்க்கு வீடு அளித்துப் பேணுவது நிர்வாகத்தின் கடமையென 1951-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. எனவே பழுதுபட்ட வயரிங்கைப் பற்றி மானேஜருக்கு எழுதுவது பிச்சை கேட்பது ஆகாது. ஆயினும் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஜன்னல் வழியே வயர் கொடுத்து உதவும் வழக்கத்தை நம்மவரும் விட்டொழிக்க வேண்டும். அந்த வயர் கதவிடுக்கில் நசுங்கி உறை பிய்ந்து கிடப்பதை எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறோம். அதனருகில் குழந்தைகள் விளையாடுகின்றன.

வேலையை யாரிடம் ஒப்படைப்பது? கேரளத்தில் மின்சார லைசென்சிங் போர்டின் வயர்மேன் பெர்மிட் உள்ளவரிடம். பெர்மிட்டைக் காட்டும்படி கேட்பதில் நாணம் வேண்டா. முழு வீட்டையும் புதிதாக வயரிங் செய்ய வீட்டுக்காரர் ஒருப்படாவிட்டால், நாம் வற்புறுத்த வேண்டியவை மூன்று: மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; சமையலறைக்கும் கீஸருக்கும் மெயினிலிருந்து எர்த்துடன் தனி வயர்; தோண்டிப் புதைத்த உண்மையான எர்த் குழி. எர்த் இல்லாத பழைய பிளக்கில் மேல்துளையை அடைத்து, மேஜை விளக்கு போன்ற இருமுனைப் பிளக்குள்ள சிறு கருவிகளுக்கு மட்டும் அதனை வைத்துக்கொள்ளலாம். கோடையில் எர்த் குழியில் வாரம் இரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

யாரேனும் மின்சாரத்தில் ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் எட்டாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். பின்னர் 108-ஐ அழைக்க வேண்டும். தெருக்கம்பியில் குறை காணின் மின்வாரியத்துக்கு 1912. இவ்விரு எண்களையும், மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் வீட்டிலுள்ள சிறுவர்வரை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டுக்காரரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பார். எழுத்தில் கேட்டால் சற்று விரைவாகவே பார்ப்பார் என்பது நம் அனுபவம். மலையாளத்தில் எழுதத் தெரியாத அன்பர்கள், எந்தப் பிளக்கில் என்ன குறை கண்டனர் என்பதை ஒரு தாளில் தமிழில் குறித்துக்கொண்டு, ஞாயிறு மாலையில் சங்க அலுவலகத்துக்கு வந்தால், கடிதம் எழுதித் தருகிறோம்.